துறைக்கம்புச் சீலை

“அவிழ்க்கச் சொல்லி உமக்கு ஆர் சொன்னது? நான் கேக்கிறன், ஆர்—”

“ஆர் சொல்லவேணும்? நான் உங்கடை மனிசி இல்லையோ—”

“மனிசி எண்டாப்போலை கம்பிலை கை வைக்கிறதே? இந்தத் துறையிலை ஒருத்தரும்—”

“ஒருத்தரும் ஒருத்தரும் எண்டு சொல்லாதேங்கோ. உங்கடை கம்பிலை ஆரின்ரை சீலை பறக்குதெண்டு அந்த ஒருத்தரெல்லாம்தான் பாத்துச் சிரிக்கினம். செத்தவள் வழி காட்டுறாளாம், இருக்கிறவள் சோறு காய்ச்சுறாளாம்.”

“பழசுக்கு மேலை புதுசைக் கட்டலாம். பழசை அவிழ்க்கக் கூடாது. வந்த அண்டைக்கே சொன்னனான். அவிழ்த்ததுகள் எங்கை?”

“எரிச்சுப்போட்டன்.”

அந்த ஒரு சொல்லோடு பத்திநாதன் வள்ளத்தின் பின்பக்கத்துக்குப் போய்விட்டான். எஞ்சின் கைப்பிடியைத் திருப்பினான். வள்ளம் கரையை விட்டு நழுவியது. தை மாதத்துக் காலைப் பனி தண்ணீருக்கு மேலே பஞ்சு விரித்தது போலக் கிடந்தது.

ஜெனிற்றா சொன்னது பொய். அவிழ்த்த துண்டுகளெல்லாம் ஓர் உரப்பைக்குள் சுருண்டு, அவள் குந்தியிருந்த முன்பலகைக்குக் கீழேதான் கிடந்தன. கரையில் எரித்தால் யாராவது பார்த்துவிடுவார்கள். ஆழம் கண்ட இடத்தில் தன் கையாலேயே தூக்கி எறிந்துவிட்டு வரவேண்டும் என்பது அவளுடைய எண்ணம்.

அந்தப் பக்கத்தில் கடல் என்பது பேருக்குத்தான் கடல். இறங்கி நின்றால் இடுப்பளவு, சில இடங்களில் முழங்காலளவு. வள்ளம் போகக்கூடிய ஆழம் மட்டும் சேற்றுக்கு நடுவே ஒரு ஒழுங்கை மாதிரி வளைந்து வளைந்து போகும். அந்த ஒழுங்கையின் ஓரமாக ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் தங்கள் துறைக்குக் கம்பு நட்டிருப்பார்கள். எது யாருடைய கம்பு என்று தெரிவதற்கு, அந்த வீட்டுக்காரியின் பழஞ்சீலையைக் கிழித்து நுனியில் கட்டிவிடுவது அங்கத்தைய வழக்கம். கடைசிக் கம்பு வீட்டு வாசலுக்கு நேரே, கரையோடு ஒட்டி நிற்கும். அதுதான் துறைக்கம்பு. அதில் மட்டும் பழஞ்சீலை கட்டுவதில்லை. அவளுடைய கலியாணக் கூறையில் ஒரு கீற்று.

மற்றக் கம்புகள் வழி காட்டும், துறைக்கம்பு நாங்கள் ஆரிடம் போகிறோம் என்று காட்டும் என்பான் பத்திநாதன்.

அதுதான் ஜெனிற்றாவைத் தின்றது. அவளுக்குக் கூறை இல்லை. நாவாந்துறையிலிருந்து அவளைக் கட்டிக்கொண்டு வந்தபோது ஒரு புதன்கிழமைக் காலைப் பூசை, ஒரு சாதாரண நூல்சீலை, அவ்வளவுதான். “இரண்டாந்தாரத்துக்குக் கூறை எதுக்கு?” என்று அவனுடைய தமக்கை மரியநாயகி கோயில் வாசலிலேயே கேட்டாள். அவன் கேளாதவன் போல முன்னே நடந்தான்.

முதல் மனைவி தயாளினி காய்ச்சலில் போனவள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, அவன் கடலால் திரும்பி வருவதற்கு முன்னே கண்ணை மூடிவிட்டாள். “அவர் வந்திட்டாரோ, வந்திட்டாரோ எண்டுதான் கடைசிவரையும் கேட்டவள்” என்று மரியநாயகி ஜெனிற்றாவின் காதுபடவே நூறு முறை சொல்லியிருப்பாள்.

பொறுக்கலாம். படத்தில் இருப்பவளோடு என்ன போட்டி என்று ஜெனிற்றா தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருக்கிறாள். ஆனால் ஒன்றைப் பொறுக்க முடியவில்லை. அவன் அவளை நீர் என்பான். “சாப்பிட்டீரோ? படுத்திட்டீரோ?” மரியாதைதான், நெருக்கமில்லை. தயாளினியைக் கூப்பிட்டு நித்திரையில் புலம்பும்போது மட்டும் நீ என்பான்.

தண்ணீருக்குள் இறங்கி நின்று அவிழ்க்கும்போது அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். தயாளினி இடக்கைக்காரி. அவள் போட்ட முடிச்சு எதிர்ப்பக்கமாகச் சுற்றி, தண்ணீரில் ஊறி, கல்லாகியிருந்தது. நகத்துக்குப் பிடி கொடுக்கவில்லை. கடைசியில் ஜெனிற்றா வாயை வைத்துப் பல்லால் கடித்து இழுத்துத்தான் ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். வாயெல்லாம் உப்பு. உப்புக்கு அடியில் வேறொரு கைப்பு. அலுமாரியில் போடுகிற பூச்சி உருண்டையின் வாசம். இவ்வளவு காலம் வெயிலிலும் மழையிலும் கிடந்த துணிக்கு அந்த வாசம் எங்காலே வந்தது என்று அவள் அப்போது யோசிக்கவில்லை. தன்னுடைய மாம்பழ நிறச் சீலையில் பாதியைக் கிழித்துக் கட்டிவிட்டு, கரையில் நின்று பார்த்துப் பெருமைப்பட்டாள். மிச்சப் பாதி, சிவப்புக் கரையோடும் முந்தானையோடும், வீட்டு அலுமாரிக்குள் இருந்தது. துறைக்கம்பை மட்டும், கூறையை அவிழ்த்த பிறகு, வெறுமையாக விட்டிருந்தாள். அதற்குக் கட்டத் தன்னிடம் ஒன்றும் இல்லையே என்ற கோபம்.

சனிக்கிழமை லண்டனிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது. பத்திநாதனுக்கு இப்போது மீனை விட அதுதான் பிழைப்பு. மெத்தை போட்ட பலகையும் மேலே ஒரு கன்வஸ் பந்தலுமாக வள்ளத்தை மாற்றி, வெளிநாட்டுச் சனத்தை ஏற்றிக்கொண்டு கோட்டையைக் கடலிலிருந்து காட்டுவான், கண்டல் காட்டுக்குள்ளாலே கூட்டிப்போவான், பூநாரை இறங்குகிற திட்டைக் காட்டி மத்தியானச் சாப்பாடும் கொடுத்துக் கூட்டி வருவான். இனிமேல் சமையலும் உபசரிப்பும் ஜெனிற்றா. அதற்கு ஒத்திகை பார்க்கத்தான் இன்றைய ஓட்டம். வள்ளத்தில் தயாளினி சீலையோடு நின்று சிரிக்கிற படம் ஒன்று விறாந்தையில் தொங்குகிறது. அதனால் ஜெனிற்றாவும் இன்றைக்குச் சீலைதான் உடுத்தியிருந்தாள். பச்சையில் சின்ன வெள்ளைப் பூப் போட்டது.

முதல் கம்பு வந்தது. மஞ்சள். அடுத்தது வந்தது. மஞ்சள்.

“வடிவாத்தானே இருக்கு” என்றாள்.

பத்திநாதன் எஞ்சினை இன்னும் முடுக்கினான்.

பிறகு பனி கூடியது. வெயில் ஏற ஏறக் கலைய வேண்டிய பனி ஏறிக்கொண்டு வந்தது. முதலில் கோட்டை மறைந்தது. பிறகு பண்ணைப் பாலத்து வாகனச் சத்தம் மறைந்தது. அரைமணி நேரத்துக்குள் வள்ளத்தின் முன்மூக்கே மங்கலாகிவிட்டது. எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. பத்திநாதன் எட்டிப் பார்த்தான்.

“சாதாளை சுத்திப்போட்டுது” என்றான். விசிறியைத் தூக்கி, சிக்கியிருந்த கடற்புல்லைப் பிடுங்கித் துப்புரவாக்கிப் பார்த்தான். எஞ்சின் பிடிக்கவில்லை. மரக்கோலை எடுத்துச் சேற்றில் ஊன்றித் தள்ளத் தொடங்கினான். “கம்பைப் பாத்துச் சொல்லும். இந்நேரம் திட்டு வந்திருக்கவேணும்.”

“இந்தா ஒண்டு நிக்குது.”

மஞ்சள். அதற்கப்பால் இன்னொன்று. திட்டு வரவில்லை. மரக்கோல் ஊன்றும் சத்தமும் கோலிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தமும் தவிர வேறொன்றும் இல்லை. ஒரு கொக்குக்கூடக் கத்தவில்லை.

“உந்தளவு கம்பு நான் நடேல்லை” என்றான் பத்திநாதன்.

அடுத்த கம்பு பனிக்குள்ளிருந்து மெல்ல வந்தது. அதில் தொங்கிய துண்டுக்குச் சிவப்புக் கரை இருந்தது. ஜெனிற்றா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

அது அலுமாரிக்குள் வைத்த பாதி.

அந்த அலுமாரியைத்தான் அவள் பூட்டிவிட்டு, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருந்தாள். இடுப்பைத் தடவினாள். திறப்பு இருந்தது.

“ஆரோ என்ரை அலுமாரியை உடைச்சுப்போட்டினம்” என்றாள் மெதுவாக. சொல்லும்போதே அவளுக்கு அதில் நம்பிக்கை இல்லை.

அதற்கடுத்த கம்பில் முந்தானை. அதற்கடுத்ததில் பச்சை.

பச்சையில் சின்ன வெள்ளைப் பூ.

அவளுக்கு உடனே விளங்கவில்லை. இது எங்கேயோ கண்ட சீலையாக இருக்கிறதே என்றுகூட நினைத்தாள். பிறகு குனிந்து தன் மடியைப் பார்த்தாள்.

முந்தானை இல்லை. தோளிலிருந்து இறங்கிய சீலை நெஞ்சுக்குக் கீழே நூல் பிடித்துக் கிழித்தது போல நேராக முடிந்திருந்தது.

“இஞ்சருங்கோ” என்றாள். “இஞ்சருங்கோ, என்ரை சீலை.”

அவன் திரும்பவில்லை. முன்னே பனியைப் பார்த்தபடி கோலை ஊன்றினான்.

அவள் மிஞ்சிய துணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தூரத்தில், பனிக்கு அந்தப் பக்கம், சீலை கிழிகிற சத்தம் கேட்டது.

பர்ர்ர் என்று, ஆறுதலாக, அவசரமில்லாமல்.

கையைப் பார்த்தாள். விரல்களுக்குள் ஒன்றும் இல்லை. துணி இன்னும் ஒரு முழம் குறைந்திருந்தது. அடுத்த கம்பு வந்தபோது அந்த முழம் அதில் தொங்கியது. ஈரமில்லை. காற்றில்லாத இடத்தில் ஆடிக்கொண்டிருந்தது. முடிச்சு எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது.

பூச்சி உருண்டை மணத்தது.

“திரும்புங்கோ” என்றாள். “உந்தக் கம்புகளைப் பாத்துப் போகாதேங்கோ. இது வழி இல்லை. அவள் என்ரை சீலையைக் கிழிச்சுக் கிழிச்சு எங்கையோ கொண்டு போறாள்.”

“ஓம்” என்றான் பத்திநாதன்.

“அப்ப திரும்புங்கோவன்.”

“ஓம், ஓம். வாறன். கோல் சேத்துக்குள்ளை இறுகுது, அதுதான்.”

ஜெனிற்றா அவன் முகத்தைப் பார்த்தாள். அந்த ‘ஓம்’ அவளுக்குச் சொன்னதில்லை.

“ஆரோடை கதைக்கிறியள்?”

அவன் மெல்லச் சிரித்தான். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் காணாத சிரிப்பு. “இல்லை, இன்னும் தேத்தண்ணி குடிக்கேல்லை. வந்து குடிக்கிறன்.” சற்று நேரம் பொறுத்தான், யாரோ எதிர்த்துப் பேசுவதைக் கேட்பவன் போல. “அது உன்ரை வாய்க்கு. உப்புக் கூடினா நான் என்ன செய்யிறது?”

பிறகு குரலைத் தாழ்த்தி, “உனக்குக் குளிருதே?” என்று கேட்டான்.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஜெனிற்றாவுக்கு உடம்பெல்லாம் சூடு பரவியது. நீ என்கிறான். எனக்குக் குளிருகிறதா என்று கேட்கிறான். அரைச்சீலையோடு நடுங்கிக்கொண்டிருக்கிற என்னை. “ஓம், குளிருது” என்று சொல்ல வாயெடுத்தாள்.

அவன் கண் அவளைத் தாண்டி வள்ளத்தின் முன்மூக்கில் நின்றது.

அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் வள்ளத்தின் முன்பக்கம் சற்றுத் தாழ்ந்திருந்தது, யாரோ ஏறிக் குந்தினால் தாழ்வது போல.

உண்மையைச் சொன்னால், அந்த இடத்தில் அவளுக்குப் பயத்தை முந்திக்கொண்டு வந்தது பொறாமைதான். செத்தாலும் பரவாயில்லை, இந்தச் சேற்றுக்குள்ளேயே கிடந்து போனாலும் பரவாயில்லை, இவன் இப்படிச் சிரித்துக் கதைப்பதைக் கேட்டுக்கொண்டு இருக்கமாட்டேன் என்று வந்தது. பலகைக்குக் கீழே கையை விட்டு உரப்பையை இழுத்தாள்.

“இந்தா” என்றாள், முன்மூக்கைப் பார்த்து. “உன்ரை சீலையை நீயே வைச்சுக்கொள். அவரை விடு.”

துண்டுகளில் ஒன்றை உருவி எடுத்து, கிட்ட வந்த கம்பில், தன் பச்சைக்கு மேலே கட்டினாள்.

வள்ளத்தின் முன்பக்கம் மெல்ல எழும்பியது.

பத்திநாதன் கோலை ஊன்றியபடி நின்றுவிட்டான். நித்திரையால் எழும்பியவன் போலச் சுற்றிப் பார்த்தான். அவளுடைய கையைப் பார்த்தான். பையைப் பார்த்தான்.

“எரிச்சனெண்டீர்” என்றான்.

அந்த ‘நீர்’ இவ்வளவு காலத்தில் முதல் தடவையாக அவள் காதுக்குத் தேனாக இருந்தது. அழுகை வந்தது.

“பொய் சொன்னனான். வீட்டை போவம். கோலைத் திருப்புங்கோ.”

வந்த வழியே திரும்பினார்கள். ஒவ்வொரு கம்பிலும் அவள் ஒரு துண்டு கட்டினாள். நீலம், ஊதா, சாயம்போன றோஸ், கோடுபோட்டது ஒன்று. ஒருத்தி உடுத்திக் கிழித்த காலமெல்லாம் ஜெனிற்றாவின் கைவழியாகப் போனது. கட்டினால்தான் அடுத்த கம்பு தெரிந்தது. கட்டாமல் தாண்டிப் பார்க்கலாமே என்று ஒரு தடவை கையை மடக்கிக்கொண்டு இருந்தாள். பனி அப்படியே சுவராக நின்றது. கட்டினாள். விலகியது.

கோயிலில் செபத்துக்கு அடிக்கிற திருந்தாதி மணி கேட்டது. மத்தியானமாகிவிட்டது. மணி சரியான பக்கத்திலிருந்துதான் கேட்டது, கோயில் இருக்கிற கரையிலிருந்து.

“என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியேல்லை” என்றான் பத்திநாதன். “ஒரே தலைச்சுத்து. உமக்கு ஏன் சீலை உப்பிடிக் கிழிஞ்சு கிடக்கு?”

“எஞ்சினிலை மாட்டினது.”

அவன் தன் துவாயைக் கழற்றி அவளுடைய தோளில் போட்டுவிட்டான். அவள் அதை இழுத்துப் போர்த்துக்கொண்டாள். அது போதும் என்றுதான் இருந்தது. அந்த நேரத்துக்குப் போதும் என்று இருந்தது.

பனி கிழிந்து விலக, கரை தெரிந்தது. நீலத் தண்ணீர்த் தாங்கி, முருங்கை, கொடியில் காயப்போட்ட அவளுடைய உடுப்புகள். வீட்டுக்கு நேரே, வெறுமையாக, துறைக்கம்பு.

பைக்குள் கையை விட்டாள். ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. சிவப்பும் சரிகையுமாக, மற்றவை போலல்லாமல் வெயிலில் வெளிறாமல், நேற்றுத்தான் பெட்டியிலிருந்து எடுத்தது போல.

கூறை.

“எல்லாத்தையும் கட்டியாச்சோ?” என்று பின்னாலிருந்து கேட்டான்.

ஜெனிற்றா கூறைத் துண்டைக் கைக்குள் பொத்தினாள். கரை தெரிகிறது. வாசல் தெரிகிறது. இனி வழி காட்ட ஒருத்தி எதற்கு? மற்றதெல்லாம் திருப்பிக் கொடுத்தாயிற்று. இந்த ஒன்றையும் கொடுத்துவிட்டு நான் என்ன, வாழ்நாள் முழுக்கச் சோறு காய்ச்சுகிறவளாகவே இருப்பதா?

“ஓம், கட்டியாச்சு” என்றாள்.

வள்ளம் கரை தட்டுவதற்கு முன்னரே தண்ணீரில் குதித்தாள். கணுக்காலளவு. பத்திநாதன் கோலைச் செருகுவதற்குக் குனிந்த நேரம், கூறைத் துண்டைக் காலடியில் போட்டு, குதிகாலால் சேற்றுக்குள் அமத்தினாள். நன்றாக அமத்தினாள். சேறு மூடிக் குமிழி விட்டது.

பிறகு இடுப்பில் மிஞ்சியிருந்த பச்சையின் ஓரத்தைத் தன் பல்லால் கடித்து, தன் கையாலேயே கிழித்தாள். அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. துறைக்கம்புக்குப் போய், நுனியில், வலக்கை முடிச்சாக இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினாள். கூறை இல்லாவிட்டால் என்ன? ஒரு கீற்றுப் பச்சை. வாசலுக்கு நேரே. இனிப் பார்க்கிற சனம் பார்க்கட்டும்.

கரையில் ஏறினாள். நெஞ்சு நிறைந்திருந்தது.

“வாங்கோ” என்று கூப்பிட்டாள், திரும்பிப் பாராமல். “தேத்தண்ணி போடுறன். சீனி கூடப் போடுறன் இண்டைக்கு.”

பின்னால் மரக்கோல் விழுந்த சத்தம் கேட்டது.

திரும்பினாள். முதலில் கண்ணில் பட்டது துறைக்கம்பு. பச்சையைக் காணவில்லை. அந்த இடத்தில் சிவப்பும் சரிகையும் சேறு வழிய, சொட்டச் சொட்ட, எதிர்ப்பக்கமாகச் சுற்றிய முடிச்சோடு தொங்கிக்கொண்டிருந்தது. வெயில் பட்டுச் சரிகை மின்னியது.

பூச்சி உருண்டை வாசம் இந்தத் தடவை கடலிலிருந்து வரவில்லை. அவளுடைய தோளோடு நின்றது.

பத்திநாதன் வள்ளத்தில் எழுந்து நின்றான். நெடுநாள் கடலில் கிடந்துவிட்டு வீடு வந்தவனுடைய முகம். அவன் பார்வை ஜெனிற்றாவுக்கு ஒரு சாண் தள்ளி, அவளுடைய இடப்பக்கத்து வெற்றிடத்தில், ஓர் ஆள் உயரத்தில் பதிந்திருந்தது. அங்கேயே பார்த்துச் சிரித்தான். பிறகு அந்தப் பார்வை ஒரு தடவை மட்டும், தெருவில் போகிற யாரையோ பார்ப்பது போல, ஜெனிற்றாவின் முகத்தில் பட்டு, திரும்பி அந்த வெற்றிடத்துக்கே போனது.

“வந்திட்டன் தயா” என்றான். “உனக்குப் பக்கத்திலை நிக்கிறாவே, உவ ஆர்?”